பென் டிரைவிலிருந்தே இயங்கும் குறியாக்கக் கருவி எது?

கேள்வி: ராணிப்பேட்டை கணக்கர்

வணக்கம். ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் உள்ள சில தோல் தொழிற்சாலைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். சம்பளப் பட்டியலையும் தொழிலாளர்களின் வங்கிக் கணக்கு எண்களையும் பென் டிரைவில் எடுத்துச் செல்கிறேன். அங்குள்ள கணினிகளில் எதையும் நிறுவ எனக்கு அனுமதி இல்லை. அவற்றைப் பிறர் படிக்க முடியாதபடி குறியாக்க, நிறுவாமலே இயங்கும் எளிய கருவி எது? கோப்பின் ஹாஷ் மதிப்பை (அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற அடையாளத்தை) குறித்து வைத்தாலே பாதுகாப்பு என்கிறார்களே, அது சரியா?

பதில்: காட்பாடி வாசகர்

ஐயா, ஹாஷ் எதையும் மறைப்பதில்லை. கோப்பு எவ்வளவு பெரிதாயினும் எஸ்எச்ஏ-256 என்னும் ஹாஷ் முறை அதற்கு 64 எழுத்துகள் கொண்ட ஒரு மதிப்பைத் தரும்; உள்ளே ஓர் இலக்கம் மாறினாலும் அம்மதிப்பு முற்றிலும் வேறாகிவிடும். ஆகவே, நீங்கள் கொடுத்த பட்டியல் திருத்தப்படாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கவே அது பயன்படும். விண்டோஸிலேயே உள்ள 'செர்ட்யூட்டில்' (certutil) என்னும் கட்டளையால் அதைக் கணக்கிடலாம். எம்டி5 என்னும் பழைய ஹாஷ் முறை வேண்டாம், ஒரே மதிப்புடைய இருவேறு கோப்புகளை உருவாக்க முடியும் என்பது 2004-இலேயே நிறுவப்பட்டது. எஸ்எச்ஏ-1 முறைக்கும் 2017-இல் அதே கதி நேர்ந்தது. மதிப்பை அதே பென் டிரைவில் வைக்காதீர்கள். கோப்பை மாற்றுபவர் அதையும் மாற்றிவிடுவார்.

பதில்: குடியாத்தம் வாசகர்

மறைப்பதற்கு, கோப்புகளைச் சுருக்கிக் கடவுச்சொல்லால் பூட்டும் செவன்-ஜிப் நிரலின் கையடக்கப் பதிப்பே (நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே இயங்குவது) உங்களுக்குப் பொருந்தும். வெராகிரிப்ட் என்னும் குறியாக்க நிரல் வலுவானதுதான், ஆனால் விண்டோஸில் அதன் கையடக்கப் பதிப்பும் நிர்வாகி உரிமை கேட்கும் என்பதால் அங்கே உங்களால் இயக்க இயலாது. செவன்-ஜிப்பில் '7இசட்' வடிவத்தைத் தேர்ந்தால் ஏஇஎஸ்-256 என்னும் வலுவான குறியாக்கம் கிடைக்கும். கோப்புப் பெயர்களையும் குறியாக்கும் தெரிவை மறவாமல் குறியிடுங்கள். இல்லையேல் எந்தத் தொழிற்சாலையின் எந்த மாதப் பட்டியல் என்பது கடவுச்சொல் இல்லாமலே தெரிந்துவிடும். 'ஜிப்' வடிவத்தின் பழைய ஜிப்கிரிப்டோ முறையை நம்ப வேண்டாம்.

கேள்வியாளர்

நன்றி. அங்கேயே கோப்பைத் திறந்து திருத்தலாமா?

பதில்: காட்பாடி வாசகர்

கூடுமானவரை வேண்டாம், ஐயா. செவன்-ஜிப்புக்குள்ளிருந்து திறக்கும்போது குறியாக்கம் நீங்கிய நகல் ஒன்று அக்கணினியின் தற்காலிகக் கோப்புறையில் எழுதப்படுகிறது. பின்னர் அழிக்கப்பட்டாலும், மீட்புக் கருவி கொண்டு அதை எடுக்க வாய்ப்புண்டு. விசை அழுத்தங்களைப் பதிவு செய்யும் நிரல் அங்கே இருந்தால் உங்கள் கடவுச்சொல்லும் போய்விடும். பிறர் கணினியின் தூய்மைக்குப் பென் டிரைவில் உள்ள எந்தக் கருவியும் பொறுப்பேற்க முடியாது. திருத்தங்களை உங்கள் மடிக்கணினியிலேயே செய்யுங்கள். கடவுச்சொல்லை உரியவரிடம் தொலைபேசியில் மட்டும் சொல்லுங்கள். அது நீளமாக இருக்கட்டும். மறந்தால் மீட்க வழியில்லை என்பதால், ஒரு தாளில் எழுதி வீட்டுப் பெட்டியில் பூட்டி வையுங்கள்.