ஆடிக் காற்றில் மூன்று முறை விழுந்துவிட்டது, புரட்டாசி வரை சும்மா இருக்க வேண்டியதுதானா?

உடுமலைக்காரன்:

வணக்கம். ரிமோட் விமானத்துக்குப் புதியவன், வயது 38. வைகாசிக் கடைசியில் ஒரு ஃபோம் டிரெய்னர் (பழகுகிறவர்களுக்கான விமானம்) வாங்கினேன். இறக்கை 1.2 மீட்டர், நாலு சேனல், பேட்டரியோடு 900 கிராம் சொச்சம். வாங்கின சூட்டோடு பக்கத்தில் இருக்கிற கிளப்பிலும் சேர்ந்தாயிற்று. ஞாயிறு காலையில் ஏழெட்டுப் பேர் வருவார்கள், ஆனி பிறந்ததும் அது இரண்டு பேராகிவிட்டது. கேட்டால் "காத்து அடங்கட்டுங்க" என்கிறார்கள். எனக்குப் பொறுமை இல்லை, ஊருக்கு வெளியே ஒரு தரிசுக் காட்டில் தனியாகப் பறக்கவிட்டேன்.

மூன்று நாள், மூன்று முறை, ஒரே மாதிரி விழுந்தது. காற்றை எதிர்த்துக் கிளம்பும்போது அழகாக ஏறுகிறது, சில சமயம் ஆகாயத்தில் அப்படியே நிற்கிறது, பார்க்கவே ஆசையாக இருக்கிறது. திருப்பினால் போதும், அம்பு மாதிரி பாய்கிறது, நான் பயந்து த்ராட்டிலை, அதாவது மோட்டார் வேகத்தை, குறைக்கிறேன், உடனே ஒரு பக்கம் சாய்ந்து தலைகுப்புற. மூன்றாவது முறை மூக்கு நசுங்கி வால் தனியாக வந்துவிட்டது. "பத்து ரூபாய்க்குப் பட்டம் வாங்கி விட்டிருக்கலாம்" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

தப்பு என்னுடையதா, காற்றுடையதா? புரட்டாசி வரை பெட்டியில் வைத்துவிட வேண்டியதுதானா? இன்னொன்று, காட்டுக்கு மேற்கே தென்னந்தோப்பு இருக்கிறது, அதையொட்டிப் பறந்தால் காற்றுக்கு மறைப்பாக இருக்குமா?

பழைய பால்சா:

தம்பி, விழுந்த விதத்தை நீங்களே சரியாக எழுதிவிட்டீர்கள், பதிலும் அதிலேயே இருக்கிறது. விமானத்துக்குத் தரை என்று ஒன்று தெரியாது, தன்னைச் சுற்றி இருக்கிற காற்றை மட்டும்தான் தெரியும். உங்கள் டிரெய்னர் விழாமல் மிதக்க, காற்றுக்குள் 25 கிலோமீட்டர் வேகம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், சாதாரணமாக 40-இல் போகிறது. காற்று 30-இல் அடிக்கிறது. எதிர்த்துப் போகும்போது தரைக்கு மேல் அதன் வேகம் வெறும் 10, அதனால்தான் நிற்பதுபோல் தெரிகிறது. திருப்பினால் 40-உம் 30-உம் சேர்ந்து 70. விமானம் அதே 40-இல்தான் போய்க்கொண்டிருக்கிறது, உங்கள் கண்ணுக்கு மட்டும் ராக்கெட். நீங்கள் த்ராட்டிலை இழுத்து அதைக் கண்ணுக்குப் பழகின 50-க்குக் கொண்டுவந்தால் காற்றுக்குள் மிஞ்சுவது 20, அவ்வளவுதான், ஸ்டால், இறக்கை தூக்குவதை விட்டுவிடும். அதுவும் திருப்பத்தில் சாய்ந்திருக்கும்போது ஸ்டால் ஆனால் உள்பக்க இறக்கைதான் முதலில் கையை விரிக்கும், மூக்கு நேராக மண்ணுக்கு.

ஆக, காற்றோடு திரும்பும்போது த்ராட்டிலைத் தொடாதீர்கள், உயரத்தில் திருப்புங்கள், அகலமாகத் திருப்புங்கள். பத்து வருஷம் பறத்தியவர்களும் இதில் விழுகிறார்கள். நானே விழுந்திருக்கிறேன், நாலு மாதம் உட்கார்ந்து கட்டின பால்சா (லேசான மரம்) விமானம், அதை இங்கே எழுத மனசு வரவில்லை.

தென்னந்தோப்பு மறைப்பு இல்லை, கண்ணி. ஆற்றுத் தண்ணீர் பாறையைத் தாண்டியதும் எப்படிச் சுழித்துக்கொண்டு போகிறதோ, மரத்தைத் தாண்டின காற்றும் அப்படித்தான். மரத்தின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரைகூட அந்தக் கலக்கம் இருக்கும். தோப்பை விட்டு எவ்வளவு விலக முடியுமோ விலகுங்கள்.

உங்கள் ஊர்க் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கே இருந்து வருகிற காற்று நேராக உங்கள் மேல்தான் இறங்குகிறது, ஜூனிலிருந்து செப்டம்பர் வரை. அத்தனை பணத்தைப் போட்டு உடுமலையைச் சுற்றிக் காற்றாலை நட்டவர்கள் என்ன பைத்தியமா? இந்த நாலு மாதமும் நான் ரிப்பேர் பார்ப்பேன், சிமுலேட்டரில் உட்காருவேன், விடியற்காலையில் கொடியோ துணியோ அசையாத ஒரு நாள் கிடைத்தால் ஓடுவேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் புது விமானம் கட்டுகிற வேலை. அப்புறம் மார்கழி.

மார்கழியில் ஒரு தடவை காலை ஆறரை மணிக்கு வந்து பாருங்கள். புல்லில் நடந்தால் பேன்ட் முழங்கால் வரை நனையும், காரிலிருந்து எடுத்து வைத்த ஐந்தாவது நிமிஷம் இறக்கை முழுக்கப் பனித்துளி, அதைத் துண்டால் துடைக்காமல் கிளப்பினால் ஏறவே முரண்டு பிடிக்கும். மூடுபனி விலகக் காத்திருக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாத விமானத்தை யாரும் ஓட்ட முடியாது. ஆனால் அது விலகினதும் ஒரு மணி நேரம் கிடைக்கும் பாருங்கள், ஸ்டிக்கை விட்டுவிட்டால்கூட விமானம் கோடு போட்ட மாதிரி போகும். டிரிம் பார்க்க, அதாவது கை வைக்காமலே விமானம் நேராகப் போகும்படி சரிசெய்ய, அதைவிட நல்ல நேரம் வருஷத்தில் கிடையாது.

கரட்டுமேடு:

பழைய பால்சா அண்ணன் சொன்னதில் பாதிக்குத்தான் நான் ஒத்துக்கொள்வேன். ஆடியில் பெட்டியை மூடு என்பது டிரெய்னருக்குச் சரி. எனக்கு வருஷத்திலேயே நல்ல மாதம் ஆடிதான். எங்கள் பக்கம் மேற்கே பார்த்த ஒரு கரடு (சிறு குன்று) இருக்கிறது, காற்று அதில் முட்டி மேலே எழும்பும். மோட்டாரே இல்லாத கிளைடரை விளிம்பிலிருந்து வீசினால் போதும், கை வலித்து நான் இறக்கினால்தான் உண்டு. ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் பேட்டரி அப்படியே இருக்கும், சர்வோவும் (வால், இறக்கை மடிப்புகளை அசைக்கிற குட்டிக் கருவி) ரிசீவரும் சாப்பிட்டதைத் தவிர. இறக்குவதுதான் கஷ்டம், சுற்றிலும் சீமைக்கருவேலம், நாலு மாதத்தில் இரண்டு டயர் போச்சு (வண்டியுடையது). இது இப்போதே உங்களுக்கு வேண்டாம், அடுத்த ஆடிக்கு வாருங்கள்.

சித்திரையை யாரும் சொல்லவில்லையே. பத்து மணிக்கு மேல் கிளைடரோடு போய் முதலில் பருந்தைத் தேடுவேன். இறக்கையை அடிக்காமல் வட்டம் போட்டுக்கொண்டே மேலே போகிறதா, அங்கே சூடான காற்று எழும்புகிறது என்று அர்த்தம், கிளைடரை அதற்குக் கீழே கொண்டுபோய் அதே பக்கமாகச் சுற்றவிட வேண்டும். பாதி நாள் ஏமாற்றம்தான், கிடைத்த நாளில் விமானம் புள்ளியாகிவிடும். அப்புறம், மே மாதம் பூட்டின காரில் ஃபோம் விமானத்தை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். க்ளூ கன்னால் ஒட்டின இடமெல்லாம் இளகி என்னுடைய எலிவேட்டர் (வாலில் மேலும் கீழும் அசைகிற மடிப்பு) கையோடு வந்துவிட்டது, நல்ல வேளை தரையில். லைப்போ பேட்டரியைக் காரில் விடவே கூடாது.

தனியாகத் தரிசில் பறத்துவது பற்றியும் ஒன்று. 2021 ட்ரோன் விதிகள்படி 2 கிலோவுக்குள் இருந்து, வியாபாரத்துக்கு இல்லை என்றால் பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் இடம் பச்சை மண்டலமா (அனுமதி கேட்காமல் பறத்தக்கூடிய பகுதியா) என்று வரைபடத்தில் பார்க்க வேண்டும், அங்கேயும் 400 அடிதான், விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடி. பொழுதுபோக்கு விமானம் கண் பார்வையை விட்டுப் போகவே கூடாது. கோவைக்காரர்களுக்குப் பீளமேடு, சூலூர் விமானத் தளங்கள் இருப்பதால் பாதி ஊர் அடிபட்டுப் போகும், நீங்கள் அதிர்ஷ்டசாலி.

ஸ்காபரோ வாசி:

நான் கனடாவில் இருக்கிறேன், இதை வாசிக்கச் சிரிப்பாகவும் பொறாமையாகவும் இருக்கிறது. நீங்கள் சொல்லும் ஆடிக் காற்றை எங்கட ஊரில் சோழகம் என்போம். நான் வல்வெட்டித்துறைப் பக்கம், தைப்பொங்கலுக்கு வாடைக் காற்றில் விண் (காற்றில் கூவும் கருவி) பூட்டிய பட்டம் விட்டு வளர்ந்த ஆள். காற்று குறையுது, கூடுது என்பதை விண் கூவும் சத்தத்தை வைத்தே சொல்லுவோம், அந்தக் காதுதான் எனக்கு இங்கேயும் உதவுது.

இங்கே தை மாதம் என்றால் சில்லை (சக்கரத்தை) கழற்றிவிட்டு ஸ்கீ பூட்டுவோம், பனி மூடிய வயலில் வடிவாக இறங்கும். குளிர்ந்த காற்று அடர்த்தி கூட, அதே விமானம் கோடையைவிட நன்றாகத் தூக்கும். பிரச்சினை பேட்டரியும் விரலும். லைப்போ குளிர்ந்தால் உள்ளே தடை கூடி, த்ராட்டிலைத் திறந்த உடனே வோல்ட் சரியும், அதனால் கிளம்பும் வரை ஜாக்கெட்டுக்குள் நெஞ்சோடு வைத்திருப்பேன். விரலுக்கு ரிமோட்டோடு சேர்த்துப் போடுகிற பை ஒன்று இருக்கு, இரண்டு கையையும் உள்ளே விட்டு ஓட்டலாம், பார்க்கத்தான் தலையணை உறை மாதிரி.

தம்பி, புரட்டாசி வரைக்கும் நிறுத்துவதாக இருந்தால் பேட்டரியை முழுச் சார்ஜில் வைக்காதேங்கோ. ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட், அதுதான் சேமிப்பு அளவு. இல்லாவிட்டால் ஊதிப்போகும்.

உடுமலைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. பறத்தாத நாளெல்லாம் பேட்டரி முழுச் சார்ஜில், 4.2-இல் கிடந்தது, இப்போதுதான் இறக்கி வைத்தேன், இன்னும் ஊதவில்லை.

வாலை ஒட்டிவிட்டேன். க்ளூ கொஞ்சம் அதிகமாகவே போட்டேன் போல. இறக்கைக்கு அடியில் சிஜி (எடை மையம்) குறி இருக்கிற இடத்தில் இரண்டு விரலை வைத்துத் தூக்கினால் வால் தொங்குகிறது. மூக்குக்குள் ஐந்து ரூபாய் நாணயம் நாலைச் செருகி டேப் போட்டேன், இப்போது சமமாக நிற்கிறது. இது போதுமா?

பழைய பால்சா:

இருபது ரூபாயை ஏன் வீணாகச் சுமக்கிறீர்கள்? முதலில் பேட்டரியை முன்னால் எவ்வளவு தள்ள முடியுமோ தள்ளுங்கள், வெல்க்ரோவை மாற்றி ஒட்டுங்கள், அதற்கும் போதவில்லை என்றால்தான் எடை. வால் மூக்கைவிட இறக்கையிலிருந்து தள்ளி இருப்பதால் அங்கே ஒரு கிராம் கூடினால் முன்னால் இரண்டு மூன்று கிராம் கேட்கும், அடுத்த முறை க்ளூவை அளந்து போடுங்கள். ஞாயிறு விடியலில் காற்று இல்லையென்றால் கிளப்புக்கு எடுத்து வாருங்கள், முதல் சுற்றை நான் பறத்தி டிரிம் பார்த்துத் தருகிறேன்.

உடுமலைக்காரன்:

பேட்டரியைத் தள்ளினேன் அண்ணா, இரண்டு நாணயம் வெளியே வந்துவிட்டது. மீதிப் பத்து ரூபாய் மூக்கிலேயே இருக்கிறது. ஞாயிறு ஐந்தரைக்கு அங்கே இருப்பேன்.