தண்ணீர்த் தொட்டி கன்ட்ரோலர் போர்டில் 12 வோல்ட் ஜீனர் அடிக்கடி ஷார்ட் ஆவது ஏன்?

தண்டையார்பேட்டை சர்வீஸ்:
வணக்கம். மேல்தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் போர்டு ஒன்று பழுதுக்கு வந்துள்ளது. டிரான்ஸ்பார்மர், ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ், 150 ஓம் ரெசிஸ்டர், பிறகு வோல்ட்டேஜை 12 வோல்ட்டில் நிறுத்திவைக்கும் அரை வாட் ஜீனர் டயோடு. அதிலிருந்து மோட்டாரை இயக்கி நிறுத்தும் சுவிட்சான, 400 ஓம் காயில் உள்ள ரிலே ஓடுகிறது. பில்டர் கெப்பாசிட்டரில் மாலையில் 18 வோல்ட்டும், பட்டறைகள் மூடிய பிறகு இரவில் 22 வோல்ட்டும் காட்டுகிறது. புது ஜீனர் போட்டால் மாலை வரை ஒழுங்காக இருக்கிறது. காலையில் பார்த்தால் ஷார்ட். ரெசிஸ்டரை 220 ஓம் ஆக்கினால் சரியாகுமா?

பெரம்பூர் எலக்ட்ரானிக்ஸ்:
ரிலே ஓடும்போது ஜீனருக்குச் சுமை குறைவு என்பதைக் கவனியுங்கள். 18 வோல்ட்டில் ரெசிஸ்டர் வழியே வரும் 40 மில்லி ஆம்பியரில் 30ஐ ரிலே எடுத்துக்கொள்கிறது. இரவில் தொட்டி நிறைந்து ரிலே விட்டுவிட்டால், 22 வோல்ட்டில் வரும் 67 மில்லி ஆம்பியர் முழுவதும் ஜீனர் தலையில் விழுகிறது; 12 வோல்ட்டால் பெருக்கினால் 0.8 வாட். அரை வாட் ஜீனர் எப்படித் தாங்கும்? 220 ஓம் வேண்டாம்: மாலையில் 27 மில்லி ஆம்பியர்தான் வரும், ரிலே ஒருவேளை இழுத்தாலும் 12 வோல்ட் நிலைக்காது. ஒரு வாட் ஜீனரும் (ஒன் என் 4742) எல்லையை ஒட்டியே சூடேறும் என்பதால், கால்களை நீளமாக விட்டு, போர்டிலிருந்து சற்று உயர்த்திச் சால்டர் செய்யுங்கள். ரெசிஸ்டரிலும் 0.67 வாட் போவதால், அது 2 வாட்டாக இருக்கட்டும்.

ராயபுரம் வாசகர்:
என்னைக் கேட்டால், ரிலே ஓடினாலும் ஓடாவிட்டாலும் மின்சாரத்தை வெப்பமாக வீணாக்கும் இந்த அமைப்பையே விட்டுவிட்டு, ரெசிஸ்டரும் ஜீனரும் இருந்த இடத்தில் 7812 என்ற 12 வோல்ட் ரெகுலேட்டர் ஐசி போடுவேன். ரிலே நின்றதும் அதில் சூடு ஏறக்குறைய இருக்காது. உள்ளீட்டுக் காலருகே 0.33 மைக்ரோபாரட் கெப்பாசிட்டர் வையுங்கள்.

தண்டையார்பேட்டை சர்வீஸ்:
நன்றி. கழற்றிய ஜீனர்களில் நல்லது எது என்று மல்டிமீட்டரிலேயே தெரியுமா?

பெரம்பூர் எலக்ட்ரானிக்ஸ்:
டயோடு நிலையில் ஷார்ட் ஆனது மட்டுமே தெரியும். மற்றபடி ஒரு திசையில் 0.7 காட்டும், அவ்வளவுதான். 24 வோல்ட் சப்ளையை 1 கிலோ ஓம் வழியே, கோடு உள்ள காலுக்குப் பாசிட்டிவ் வருமாறு கொடுத்து, ஜீனரின் இரு கால்களில் அளந்தால் 12க்கு அருகில் வர வேண்டும்.