மறுமொழி: ஜெட் விமானம் வானில் விடும் வெள்ளைக்கோட்டுக்கு (contrail) தமிழ்ப்பெயர் – "உறைதடம்"?

> "புகைத்தடம்" என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான், தப்பாகப் புரியும். எங்கள் பாலக்கோட்டுப் பக்கம் ஏற்கெனவே அதை "ராக்கெட் புகை" என்றுதான் சொல்கிறோம். நேற்றுச் சாயங்காலம் தக்காளிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தபோது தலைக்கு மேல் ஒன்று போனது. கோடு விமானத்தை ஒட்டித் தொடங்கவில்லை. ஒரு விரற்கடை வெறும் வானம், அதற்குப் பின்னால்தான் வெள்ளை. புகையென்றால் எஞ்சின் வாயிலேயே தெரிய வேண்டுமே?

அந்த இடைவெளியில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு கிலோ எரிபொருள் எரிந்தால் ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ நீராவி வரும் (காற்றின் ஆக்சிஜனும் சேர்வதால் எடை கூடுகிறது). சூடான அந்த ஆவி வெளிக்குளிரோடு கலந்து ஆறுவதற்கு ஒரு கணம் பிடிக்கிறது. வெளியே சுமார் மைனஸ் 40 டிகிரிக்குக் கீழே இருந்தால், ஆவி கரித்துகள்களைப் பற்றித் துளியாகி, அப்படியே பனித்துகளாக உறைந்துவிடும். மார்கழிக் காலையில் வாயிலிருந்து வரும் மூச்சு வெள்ளையாகத் தெரிவதும் இதே கணக்குதான். அது உறைவதில்லை, அவ்வளவுதான். எவ்வளவு குளிர் வேண்டும் என்பதை 1941-இல் ஜெர்மன் அறிவியலாளர் எர்ன்ஸ்ட் ஷ்மிட்டும் 1953-இல் அமெரிக்க வானிலை அறிவியலாளர் ஹெர்பர்ட் ஆப்பிள்மேனும் கணக்கிட்டார்கள். நம் வெப்ப மண்டலத்தில் அந்தக் குளிர் 10 கிலோமீட்டருக்கு மேலேதான் கிடைக்கும். பெங்களூருக்குத் தாழ இறங்கும் விமானங்கள் கோடு போடாதது அதனால்தான்.

ஆகவே உறைதடம். வினைத்தொகை: உறைந்த, உறைகிற, உறையும், மூன்றும் பொருந்துகிறது. "ஆவித்தடம்" என்றும் யோசித்தேன். ஆவி கண்ணுக்குத் தெரியாது. அப்புறம், ஊரில் ஆவி என்றால் வேறு ஏதோ நினைப்பார்கள்.

— பாலக்கோட்டிலிருந்து

அக்கா, உறைதடம் சரி. ஆனால் போன வாரம் கிருஷ்ணகிரி அணைப் பக்கம் பார்த்தது அரைமணி நேரம் கலையவேயில்லை. அகன்று அகன்று பஞ்சு பிரித்த மாதிரி ஆகிவிட்டது. அதுவும் தடம்தானா?

நல்ல கேள்வி தம்பி. மேலே காற்று வறண்டிருந்தால் கோடு சீக்கிரமே கரைந்துவிடும். பனி தங்கி வளரும் அளவுக்கு ஈரம் மிஞ்சியிருந்தால் நிற்கும், பரவும். 10 நிமிடமாவது நிலைத்தவற்றை உலக வானிலை அமைப்பு 2017-இல் மேக அட்டவணையில் கீற்று மேகமாகவே சேர்த்துவிட்டது, மனிதச் செயலால் பிறந்தது என்ற அடைமொழியோடு. பரவியதை "உறைதடக் கீற்று" எனலாமா? நாக்கில் கொஞ்சம் இடிக்கிறது. பள்ளிப் புத்தகத்தில் கீற்று மேகம் ஏற்கெனவே இருப்பதால் கீற்றை விடவும் மனமில்லை.