படங்களை இழக்காமல் சி டிரைவில் இடம் மீட்க வழி தேவை

வணக்கம். சேலம் அஸ்தம்பட்டியிலுள்ள எங்கள் வீட்டு விண்டோஸ் 11 கணினியின் 256 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பகம் (சி டிரைவ்) நிரம்பிவிட்டதால், அப்டேட் பாதியிலேயே நின்றுவிடுகிறது. ரீசைக்கிள் பின்னைக் காலி செய்து, விண்டோஸின் ஸ்டோரேஜ் சென்ஸ் வசதி மூலம் தற்காலிகக் கோப்புகளையும் நீக்கிவிட்டேன்; ஆயினும் இடத்தை அடைத்திருப்பவை, வெவ்வேறு பெயர்களில் பல ஃபோல்டர்களில் கிடக்கும் ஒரே படங்களும், ஏற்காட்டில் எடுத்த வீடியோக்களுமே. மறைந்த என் தந்தையார் அங்குள்ள லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று பேசும் காட்சி அவற்றுள் இருப்பதால், பார்க்காமல் எதையும் அழிக்க மனம் வரவில்லை.

பழைய வெளி ஹார்டு டிஸ்க் எஃப்ஏடி32 என்ற கோப்பு முறையில் இருப்பதால், 4 ஜிபியைத் தாண்டிய வீடியோவை ஏற்க மறுக்கிறது. அதை வேறு கோப்பு முறைக்கு ஃபார்மட் செய்ய எக்ஸ்ஃபேட் போதுமா, என்டிஎஃப்எஸ் நல்லதா? பெயரை அல்லாமல் உள்ளடக்கத்தை ஒப்பிட்டு இரட்டைப் படங்களைக் காட்டும் நம்பகமான இலவச மென்பொருளைப் பயன்படுத்தியவர்கள் அன்புகூர்ந்து தெரிவிக்கவும்.