சிவப்பிக்கு இன்றைக்கு ஊசி போடலாமா, விடலாமா? (அவசரம்)

பாலைமரத்தடி – காலை 6.40
வணக்கம். எங்கள் பசு சிவப்பி விடியற்புறம் தொடக்கம் கத்துகிறது. வேட்கைதான், சந்தேகமில்லை. சினை ஊசி போடுபவர் நண்பகலுக்கு முன் முடிவு சொன்னால் பின்னேரம் வருவாராம். ஏற்கெனவே மூன்று முறை போட்டும் சினை நிற்கவில்லை. மாடு எலும்பும் தோலுமாக இருக்கிறது. போன கன்றோடு சாகக் கிடந்து பிழைத்தது. அம்மாவுக்கு அதனிடம் இன்னொரு கன்று பார்த்துவிட வேண்டும். எனக்கு மனம் இல்லை. போடலாமா, விடலாமா? பத்து மணிக்கு நான் வேலைக்குப் போக வேண்டும்.

பெரியபட்டி – 6.58
என்ன மாடு தம்பி? நாட்டு மாடா, கலப்பா? எத்தனையாம் ஈற்று? கன்று போட்டு எத்தனை மாதம்? எந்தப் பக்கம் இருக்கிறீர்கள்?

ஓய்வுநிலை – 7.15
"சாகக் கிடந்தது" என்று ஒரு நோய் எந்தப் புத்தகத்திலும் இல்லை. மாட்டின் வயதைக்கூட எழுதாமல் அதன் வாழ்க்கையைத் தீர்மானிக்கச் சொல்கிறீர்கள். முப்பது வருடம் கொட்டில் கொட்டிலாக ஏறி இறங்கியவன் நான். எனக்கே கண்ணால் பார்க்காமல் சொல்ல வராது. முதலில் விபரம் தாருங்கள், பிறகு அவசரப்படுங்கள்.

சாகிவால்_தாசன் – 7.22
விபரமே தேவையில்லை. அது ஜேர்சியாகத்தான் இருக்கும். கடல் நடுவே குளிர்ந்த தீவொன்றில் உருவான இனத்தை வன்னிச் சோளகக் காற்றின் வெக்கையில் கட்டி வைத்தால் மெலியாமல் என்ன செய்யும்? சாகிவால் கலப்பு என்றால் வெயிலும் தாங்கும், உண்ணியும் குறைவு. நான் இரண்டு வைத்திருக்கிறேன்.

பாலைமரத்தடி – 7.41
மன்னிக்க வேண்டும், அவசரத்தில் எழுதிவிட்டேன். ஆம், ஜேர்சிக் கலப்பு. இடம் மாங்குளம் பக்கம். 2014 இல் பிறந்தது, இதுவரை ஆறு ஈற்று. கடைசிக் கன்று தை மாதம், நாகு (பெண் கன்று). ஐந்தாம் ஈற்றிலும் ஆறாம் ஈற்றிலும் கன்று போட்ட மறுநாள் விழுந்துவிட்டது. கழுத்தை விலாப் பக்கம் மடித்துக்கொண்டு கிடந்தது, காதெல்லாம் குளிர்ந்திருந்தது. வைத்தியர் வந்து நரம்பில் கல்சியம் போத்தல் ஏற்றிய பிறகுதான் எழும்பியது. முன்பு நாளுக்கு 9 லீற்றர் கறந்தது, இப்போது இருவேளையும் சேர்த்து 4. ஒரு காம்பு மடியழற்சியில் வற்றிப்போனது.

தரகர் இரண்டு முறை வந்தார். அம்மா அவரைப் படலைக்குள் விடவில்லை. என்னையும் தங்கையையும் படிக்க வைத்த மாடு அது.

குளக்கட்டு – 7.55
தம்பி, இரண்டு கேள்வி. கடைசி ஈற்றில் இளங்கொடி (நஞ்சுக்கொடி) தானாக விழுந்ததா? இன்று வடிகிற சளி என்ன நிறம்? கொட்டிலுக்குப் போய் வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். மற்றவை பிறகு.

பெரியபட்டி – 8.04
சளியைப் பார்த்து என்ன காணப்போகிறீர்கள்? மூன்று முறை ஊசி தவறியது என்றால் நேரம் தவறியிருக்கிறது, அவ்வளவுதான். மாட்டுக்கு எது சரியான நேரம் என்று ஊசிக்காரருக்குத் தெரியாது, காளைக்குத் தெரியும். இரண்டு நாள் என் பட்டியில் கொண்டுவந்து விடுங்கள். காசு வேண்டாம்.

ஓய்வுநிலை – 8.12
காலையில் வேட்கை கண்டால் அன்று பின்னேரம், பின்னேரம் கண்டால் மறுநாள் காலை. இந்த ஒரு விதியைச் சரியாகப் பிடித்தால் ஊசி தவறாது. காளை என்பது ஒரு மாட்டின் நோயை அடுத்த மாட்டுக்குச் சுமந்து போகிற தபால்காரன். அதோடு, 11 வயது மெலிந்த மாட்டின் மேல் பட்டிக் காளையை ஏற்றிவிட்டு இடுப்பு முறிந்தால் யார் பொறுப்பு?

வயல்காரன் – 8.20
பட்டிக் காளையைப் புகழ்கிறவர்கள் அது யாருடைய வயலில் மேய்ந்து கொழுத்தது என்பதையும் எழுத வேண்டும். போன காலபோகத்தில் என் அரை ஏக்கர் போனது.

பெரியபட்டி – 8.26
அது என் மாடு இல்லை. அப்படியே இருந்தாலும், மாடு எங்கே மேய வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? முந்தி விதைப்புத் தொடங்கியதும் பட்டியைக் காட்டுப் பக்கம் சாய்ப்போம், அறுவடை முடிந்ததும் தாளடியில் விடுவோம். உங்கள் வயலுக்கு எருவும் கிடைத்தது. இப்போது காட்டுக்குள் போனால் வழக்கு, வயல் பக்கம் வந்தால் சண்டை. மேய்ச்சல் தரை என்று கேட்டுக் கேட்டு வாய் உலர்ந்துவிட்டது. மாடு வானத்திலா மேயும்?

வயல்காரன் – 8.31
வேலி போடுங்கள்.

பெரியபட்டி – 8.33
எண்பது மாட்டுக்கு வேலியா? நீங்கள் உங்கள் வயலுக்குப் போடுங்கள்.

தொலைவில்_ஒருவன் – 8.40
உறவுகளே, சண்டை வேண்டாம். வாசிக்கும்போது கண் கலங்குகிறது. தம்பி, அந்தத் தாயை ஒருபோதும் விற்றுவிடாதீர்கள். நாங்கள் 2009 இல் கட்டையை அவிழ்த்துவிட்டு வந்த மாடுகள் இன்றும் கனவில் வருகின்றன.

வயல்காரன் – 8.44
கனவில் வருகிற மாட்டுக்கு வைக்கோல் வேண்டாம் அண்ணா. இந்தச் சோளகத்தில் ஒரு கட்டு வைக்கோல் என்ன விலை என்று தெரியுமா?

தொலைவில்_ஒருவன் – 8.52
தம்பியின் வங்கி இலக்கத்தைத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். பகிடி இல்லை.

பாலைமரத்தடி – 9.05
காசு வேண்டாம் அண்ணா, நன்றி.

குளக்கட்டு அக்கா, பார்த்துவிட்டேன். சளி தெளிவாக இல்லை, மோர் கலந்தது போல் இருக்கிறது. முந்திய மூன்று முறையும் இப்படித்தான் இருந்தது. வேட்கை என்றால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டோம். கொடி தானாக விழவில்லை. மூன்றாம் நாள் ஊரில் ஒருவர் கையை விட்டு இழுத்து எடுத்தார்.

குளக்கட்டு – 9.14
அப்படியானால் இன்று போடாதீர்கள். நல்ல வேட்கைச் சளி முட்டை வெள்ளைக்கரு மாதிரிக் கண்ணாடியாகத் தொங்கும். மோர் போல் கலங்கியிருந்தால் கருப்பைக்குள் புண் ஆறாமல் இருக்கிறது. அதற்குள் ஊசி போட்டால் காசும் போகும், மாட்டுக்கும் வேதனை. கொடி 12 மணித்தியாலத்துக்குள் விழ வேண்டும். ஒரு நாள் கடந்தும் விழவில்லை என்றால் வைத்தியரைக் கூப்பிட வேண்டும், இழுக்கக் கூடாது. இழுத்தால் உள்ளே கிழிந்து துண்டு நின்றுவிடும்.

21 நாளில் மறுபடியும் வேட்கைக்கு வரும். இன்று விட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஊசிக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வைத்தியரை வரச் சொல்லுங்கள். கருப்பைக்குள் மருந்து விட்டால், அவர் சொல்கிற நாட்கள் வரை பாலைச் சேகரிப்பு நிலையத்துக்குக் கொடுக்க வேண்டாம்.

ஓய்வுநிலை – 9.20
நான் சொல்ல வந்ததும் இதுவே. விபரம் வராததால் சொல்லவில்லை.

இனி இரண்டாவது விடயம். கன்று போட முந்திய இரண்டு மாதமும், அதாவது பால் வற்றவிட்ட காலத்தில், என்ன தீனி கொடுத்தீர்கள்? மறைக்காமல் எழுதுங்கள்.

பாலைமரத்தடி – 9.26
அம்மா அந்த நாட்களில்தான் இன்னும் கவனமாகப் பார்ப்பார். வேலியில் கிளிசரியா வெட்டிக் கட்டுக்கட்டாகப் போடுவார், முருங்கைக் குழையும் போடுவார். எலும்புக்கு நல்லது என்று கல்சியமும் கனியுப்பும் இரண்டு மடங்கு வைப்பார். ஐந்தாம் ஈற்றில் விழுந்த பிறகு ஆறாவதற்கு இன்னும் கூட்டினார்.

ஓய்வுநிலை – 9.35
நினைத்தேன். கிளிசரியாவிலும் முருங்கையிலும் கல்சியம் நிறைய இருக்கிறது. கடைசி வாரங்களில் தீனியிலேயே தாராளமாகக் கிடைத்தால், எலும்பிலிருந்து கல்சியத்தை இறக்கும் வேலையை மாட்டின் உடம்பு நிறுத்திவிடும். கன்று விழுந்ததும் கடும்புப் பாலோடு இரத்தத்தில் உள்ள கல்சியம் மடிக்கு ஓடும். ஈடு செய்ய உடம்பு விழித்தெழுவதற்குள் மாடு படுத்துவிடும். இதுதான் பால் காய்ச்சல். பெயர் காய்ச்சல், ஆனால் உடம்பு குளிரும். ஜேர்சிக்கு மற்ற இனங்களைவிட அதிகம் வரும், மூன்றாம் ஈற்றுக்குப் பிறகு இன்னும் கூடும். சினையின் கடைசி மூன்று வாரமாவது குழையை நிறுத்தி வைக்கோலும் புல்லும் அளவான தவிடும் கொடுத்திருக்க வேண்டும். கல்சியத்தைக் கன்று போடுகிற நேரத்துக்கு வைத்திருக்க வேண்டும்.

விழுந்த மாட்டுக்கு வாயால் எதையும் பருக்க வேண்டாம், விழுங்க முடியாமல் சுவாசப்பைக்குள் போகும். போத்தலையும் கண்டவர் ஏற்றக் கூடாது. வேகம் கூடினால் இதயம் நின்றுவிடும்.

இரண்டு முறை விழுந்த மாடு மூன்றாம் முறையும் விழும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் பாருங்கள்.

சாகிவால்_தாசன் – 9.38
ஜேர்சி என்று நான் முதலே சொன்னேன்.

குளக்கட்டு – 9.50
தம்பி, நான் ஒருமுறை கணக்குப் பார்க்காமல் விட்டேன். என் வெள்ளைச்சிக்கும் வயது போயிருந்தது. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று போட்டேன். மார்கழி மழையில், இரவில் கன்று போட்டு விழுந்தது. தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாய்ந்ததால் வைத்தியரால் வர முடியவில்லை. விடியும்வரை தலையை மடியில் வைத்திருந்தேன். கன்று பிழைத்தது.

சினை 280 நாள். மறுபடி போடுவதாக இருந்தால் அது எந்த மாதத்தில் முடிகிறது, அப்போது உங்கள் வீட்டில் யார் இருப்பார்கள் என்று எண்ணுங்கள். அதற்கு முன் மாடு தேற வேண்டும். விலா எலும்பை எண்ணக்கூடிய மாட்டுக்குச் சினை நின்றாலும் சுமக்க இயலாது. 4 லீற்றர் இன்னும் சில மாதம் கறக்கும், பிறகு மெல்ல வற்றும். அம்மா அதோடு விட்டுவிடச் சம்மதித்தால் நல்லது. சம்மதிக்காவிட்டால், கருப்பை ஆறியதா என்று வைத்தியர் கை வைத்துப் பார்த்த பிறகு பேசுங்கள்.

நாகுக் கன்றுக்கு ஐந்து மாதம்தானே? கருச்சிதைவு நோய்க்கு, அதுதான் புரூசெல்லாவுக்கு, மூன்று மாதத்துக்கும் எட்டு மாதத்துக்கும் இடையில் தடுப்பூசி போட வேண்டும். வைத்தியர் வரும்போதே கேளுங்கள்.

பெரியபட்டி – 9.58
இத்தனை ஊசியும் போத்தலும் தேவைப்படாத மாடுதான் நாட்டு மாடு. ஒன்றரை லீற்றர்தான் தரும், ஆனால் காட்டிலேயே கன்று போட்டுவிட்டு மாலையில் கன்றோடு வரும்.

ஓய்வுநிலை – 10.03
ஒன்றரை லீற்றரில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்துக் காட்டுங்கள்.

(இதற்குப் பிறகு நாட்டு மாடு பற்றி மட்டும் இருபத்தேழு பதில்கள்.)

வயல்காரன் – நான்காம் நாள்
பாலைமரத்தடி, என்ன ஆனது?

பாலைமரத்தடி – பதினாறாம் நாள், இரவு 9.10
தாமதத்துக்கு மன்னிக்கவும். அன்று ஊசி போடவில்லை. வைத்தியர் வந்து பார்த்தார், கருப்பையில் சீழ் இருந்தது, மருந்து விட்டார். இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு சொல்வாராம். கன்றுக்குத் தடுப்பூசி போட்டாயிற்று. அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, இப்போது பேசுகிறார். கிளிசரியா விடயத்தை அவரிடம் சொல்லவில்லை. எல்லோருக்கும் நன்றி, குளக்கட்டு அக்காவுக்கு விசேடமாக.

பெரியபட்டி – இரவு 9.31
அந்த நாகு வளர்ந்ததும் ஊசியா, காளையா?