வெலாசிராப்டருக்கு இறகு வரையலாமா?

மதுரைச்செல்வி:
ஏழாவது படிக்கும் என் மகள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக வெலாசிராப்டர் என்ற டைனோசரை வரைந்துகொண்டிருக்கிறாள். உடம்பெல்லாம் இறகு, கைகள் இரண்டும் இறக்கை. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் "ஜுராசிக் பார்க்கில் வழுவழுன்னுதானே இருக்கும், இது என்ன கோழி மாதிரி" என்று சொல்லிச் சொல்லி அவளைக் குழப்பிவிட்டார்கள். இறகு இருந்ததற்கு ஆதாரம் இருக்கிறதா, இல்லை ஊகம்தானா? பக்கத்திலேயே டி. ரெக்ஸ் வேறு வரையப்போகிறாள், அதற்கும் இறகு போடலாமா?

பாறைப்பித்தன்:
தயவுசெய்து அழிக்கச் சொல்லாதீர்கள், அவள் வரைந்ததுதான் சரி. மங்கோலியாவில் கிடைத்த ஒரு வெலாசிராப்டரின் முன்கை எலும்பில் வரிசையாக, சம இடைவெளியில் ஆறு சின்னப் புடைப்புகள் இருப்பதை 2007இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இன்றைய பறவைகள் பலவற்றிலும் இறக்கையின் பெரிய இறகுகள் எலும்போடு பிணையும் இடத்தில் இதே புடைப்புதான் இருக்கும். இறகு மட்கிப் போனாலும் அது ஊன்றியிருந்த தடம் எலும்பில் நிற்கிறது, இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? இறகே பதிந்த புதைபடிவங்கள் சீனாவின் லியாவோனிங்கில் நிறைய உண்டு, அங்கே எரிமலைச் சாம்பலும் ஏரிச் சேறும் அவ்வளவு நுணுக்கமாக மூடிவைத்திருக்கின்றன. 2015இல் அறிவித்த ஜென்யுவான்லாங் அங்கிருந்து வந்ததுதான், வெலாசிராப்டருக்கு நெருங்கிய சொந்தம், முழு இறக்கையும் அப்படியே கல்லில் தெரிகிறது.

அப்புறம் கையைக் கவனிக்கச் சொல்லுங்கள். சினிமாவில் உள்ளங்கை தரையைப் பார்த்துத் தொங்கும். இதன் மணிக்கட்டு அப்படித் திரும்பாது, கைதட்டப் போவதுபோல் இரண்டு உள்ளங்கையும் ஒன்றையொன்று பார்த்தபடிதான் இருக்கும். உயரமும் தவறு. நிஜ வெலாசிராப்டரின் இடுப்பு உயரம் அரை மீட்டர்தான். வாலோடு சேர்த்தே சுமார் 2 மீட்டர். படத்தில் வருவது வட அமெரிக்காவின் டைனோனிக்கஸ் என்ற இன்னும் பெரிய டைனோசரை மனதில் வைத்துச் செய்தது.

நிலா_கோவை:
டி. ரெக்ஸுக்கு மட்டும் அவசரப்பட்டு இறகு போட்டுவிடாதீர்கள் அக்கா. கழுத்து, இடுப்பு, வால் பகுதிகளின் தோல் பதிவுகளை 2017இல் வெளியிட்டார்கள், எல்லாமே பொடிப்பொடிச் செதில்.

பாறைப்பித்தன்:
சரிதான், ஆனால் அதே குடும்ப வழியில் வந்த யூட்டிரானஸைப் பாருங்கள். 9 மீட்டர் நீளம், 1400 கிலோ எடை, உடம்பில் 20 செ.மீ. வரை நீண்ட இழை இறகுகள். 2012இல் வந்த செய்தி. அதனால் பெரிய உடம்பென்றால் இறகே இருக்காது என்று சொல்ல வழியில்லை.

நிலா_கோவை:
யூட்டிரானஸ் காலத்தால் கிட்டத்தட்ட ஆறு கோடி ஆண்டு மூத்தது, வாழ்ந்த இடமும் குளிர்ப்பிரதேசம். அதை வைத்து டி. ரெக்ஸுக்குப் போர்த்திவிட முடியாது. கிடைத்த தோலெல்லாம் செதிலாக இருக்கும்போது செதிலாகவே வரையட்டும், ஆசைப்பட்டால் முதுகில் கொஞ்சம் இழைகள் போட்டு, அது ஊகம் என்று ஓரத்தில் எழுதிவைக்கட்டும். கண்காட்சியில் யாராவது கேட்டால் அவளே விளக்கலாம்.

நிறத்துக்கும் ஒரு வார்த்தை. சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற சின்ன டைனோசரின் வாலில் செம்பழுப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக இருந்ததை இறகில் தங்கிய நிறமித் துகள்களின் வடிவத்தை வைத்து 2010இல் கண்டுபிடித்தார்கள். வெலாசிராப்டருக்கு அப்படி இறகு எதுவும் கிடைக்காததால் நிறம் முழுக்க உங்கள் மகள் விருப்பம், பச்சைதான் வேண்டும் என்று யாரும் வற்புறுத்த முடியாது.