மெத்தாம்பெட்டமைன் போதைப் பழக்கத்திற்கு மருந்து: 13.6 விழுக்காடு வெற்றியா?

கேள்வி: நால்ட்ரெக்ஸோன் (அபின் வகை மருந்துகளின் விளைவைத் தடுப்பது) ஊசியையும் புப்ரோபியான் (மனச்சோர்வு மருந்து) மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்து அமெரிக்காவில் நடத்தப்பட்டு, 2021-இல் வெளியான ஆய்வில் 13.6 விழுக்காட்டினருக்கே பலன் கிடைத்தது என்றால், அதை வெற்றி எனக் கொள்ளலாமா?

மறுமொழி: தாராளமாகக் கொள்ளலாம் ஐயா. போலி மருந்து (ஒப்பிடுவதற்காகத் தரும், மருந்துப் பொருள் இல்லாத ஊசியும் மாத்திரையும்) பெற்றவர்களில் அது 2.5 விழுக்காடே. ஆய்வின் ஒவ்வொரு கட்டத்தின் இறுதியிலும் எடுத்த நான்கு சிறுநீர் மாதிரிகளில் மூன்றிலாவது மெத்தாம்பெட்டமைன் இல்லாதிருந்தால்தான் பலன் எனக் கணக்கிட்டார்கள். இத்தகைய கறாரான அளவுகோலில் கிடைத்த வேறுபாட்டை, இதற்கென அங்கீகரிக்கப்பட்ட மருந்து ஒன்றுகூட அமெரிக்காவில் இல்லாத நிலையில், நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

மற்றொரு மறுமொழி: உடன்படுகிறேன்; ஆயினும் ஆய்வு நடந்தது 12 வாரங்களே. மேலும், ஓபியாய்டு (மார்ஃபின் போன்ற அபின் வகை) வலிநிவாரணி எடுத்துக்கொண்டிருப்பவருக்கு நால்ட்ரெக்ஸோனைச் செலுத்தினால் கடுமையான விலகல் அறிகுறிகள் (பழகிய மருந்தின் விளைவு நின்றுபோவதால் வரும் உபாதைகள்) திடீரென ஏற்படும் என்பதால், அதை முதலில் விசாரித்தறிவது மருத்துவரின் கடமை.

கேட்டவர்: மிக்க நன்றி. போலி மருந்துக் குழுவோடு ஒப்பிட்டபோதுதான் அந்த எண்ணின் பொருள் விளங்கியது.